லினக்ஸில் வெளிப்புற டிவிடி ரைட்டர் பாதியில் நிற்பது ஏன்? குழித்துறையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

குழித்துறை நீதிமன்றத்தை ஒட்டியுள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர் கேட்டிருப்பதன் சாரம் இது. அலுவலகத்தின் மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குகிறது. அதில் டிவிடி டிரைவ் கிடையாது. சிசிடிவி காட்சிகளை டிஸ்கில் எழுதித் தாக்கல் செய்வதற்காக மார்த்தாண்டத்தில் ஒரு யுஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கியிருக்கிறார்கள். பழைய டிஸ்குகளைப் படிப்பதில் குறை ஏதும் இல்லை. எழுதப் போனால்தான் தொல்லை: சில வேளைகளில் தொடக்கத்திலேயே "பவர் காலிபரேஷன் ஏரியா எரர்" என்று வருகிறது, சில வேளைகளில் பாதி தாண்டியபின் "இன்புட்/அவுட்புட் எரர்" என்று நின்றுவிடுகிறது, ஒருமுறை டிரைவே திரையிலிருந்து மறைந்துவிட்டது. முழுமையாக எழுதி முடிந்த ஒரே டிஸ்கின் ஹேஷ் மதிப்பும் (தரவிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) மூலத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அதே ரைட்டர் பக்கத்து அலுவலகத்தின் விண்டோஸ் டெஸ்க்டாப்பில் ஒழுங்காக எழுதுகிறது. லினக்ஸை விட்டுவிட வேண்டுமா, ரைட்டரை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரே காரணத்தில் போய் முடியும், அது மின்சாரம். ஹேஷ் ஒத்துப்போகாதது வேறொரு விஷயம். அந்த டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம். சரிபார்த்த முறையில் பிழை இருந்திருக்கலாம். இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நிரலை மாற்றி மாற்றி முயல்வதால்தான் டிஸ்குகள் வீணாகின்றன.

முதலில் லினக்ஸின் மையக்கருவான கெர்னல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். டிஸ்க் எழுதும் நிரலான பிரசேரோவின் சாளரத்தில் தோன்றும் ஒற்றை வரியை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமையோடு டி-மெசேஜ் (dmesg) கட்டளையை, புதிய வரிகளைத் தொடர்ந்து காட்டும் விருப்பத்துடன் ஓடவிடுங்கள். அதன்பின் ரைட்டரைச் செருகி, டிஸ்கை இட்டு, எழுதத் தொடங்குங்கள். எழுத்து நிற்கும் அதே நொடியில் அங்கே என்ன வரி விழுகிறது என்பதே நமக்கு வேண்டிய சாட்சி. "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்றோ "ரீசெட் ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்" என்றோ விழுந்தால், டிஸ்க், எழுதும் நிரல், கோப்பு ஆகிய மூன்றையும் அப்போதைக்கு மறந்துவிடலாம்; கணினிக்கும் ரைட்டருக்கும் இடையே உள்ள இணைப்பே அறுந்திருக்கிறது. "எரர் -71" என்றால் யுஎஸ்பி உரையாடலில் வந்த தரவு சிதைந்துபோயிருக்கிறது என்று பொருள். கேபிளையும் செருகுமுனையையும் சந்தேகிக்க வேண்டும். "எரர் -110" என்றால் ரைட்டர் குறித்த நேரத்திற்குள் பதில் தரவில்லை. "ஓவர்-கரண்ட் கண்டிஷன்" என்ற சொற்கள் கண்ணில் பட்டால் மேற்கொண்டு ஆராய எதுவுமே இல்லை. அந்தப் போர்ட்டால் கொடுக்க முடிந்ததைவிட அதிக மின்னோட்டத்தை ரைட்டர் இழுத்திருக்கிறது.

இதன் கணக்கு எளியது. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவதற்குக் கடமைப்பட்ட மின்னோட்டம் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு 900 மில்லி ஆம்பியர், நாலரை வாட். உங்கள் ரைட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். பல ஸ்லிம் ரைட்டர்களில் 5 வோல்ட், 1 ஆம்பியருக்கு மேல் என்று அச்சிட்டிருப்பார்கள். படிக்கும்போது லேசருக்கு மிகக் குறைந்த ஆற்றலே போதும். எழுதும்போது டிஸ்கின் சாயப் படலத்தைச் சூடாக்கிக் குறியிட வேண்டியிருப்பதால் லேசர் பல மடங்கு ஆற்றல் கேட்கிறது. கூடவே மோட்டாரும் வேகமெடுக்கிறது. ஆகவே படிப்பதில் குறையில்லாமல் எழுதும்போது மட்டும் விழும் ரைட்டரைப் பார்த்தால், மின்சாரப் பற்றாக்குறையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்த வேளையில் கிணற்று மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோவதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. இங்கே நடப்பதும் அதுதான்.

பக்கத்து அலுவலக டெஸ்க்டாப்பில் அது ஒழுங்காக எழுதுவதற்கு விண்டோஸ் காரணமாக இருக்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பின் பின்புறப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டவை. அவற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரம் பெரும்பாலும் தாராளமாக இருக்கும். இதை உறுதிசெய்ய ஒரு நல்ல வழி உண்டு. ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்டை அந்த டெஸ்க்டாப்பில் லைவ் முறையில் (நிறுவாமலேயே) ஏற்றி, அதே ரைட்டரில், அதே பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்கில் எழுதிப் பாருங்கள். அங்கே நன்றாக எழுதினால் லினக்ஸின் மீது பழி இல்லை. மடிக்கணினியின் போர்ட்டும் கேபிளும்தான் விசாரணைக்கு உரியவை. இந்த ஒரு சோதனை பல நாள் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம்.

மடிக்கணினியில் செய்ய வேண்டியவை இவை. நீல நிற நாக்கு உள்ள யுஎஸ்பி 3.0 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். அதே வேளையில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க், சார்ஜ் ஆகும் போன் போன்றவற்றை மற்ற போர்ட்டுகளிலிருந்து கழற்றிவிடுங்கள். ரைட்டரோடு வந்த குட்டைக் கேபிளுக்குப் பதிலாக நீளமான, மெல்லிய கேபிளைப் பயன்படுத்தினால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். தனி அடாப்டர் இல்லாத ஹப் இன்னும் மோசம். ஒரே போர்ட்டின் மின்சாரத்தைத்தான் அது பங்கு வைக்கிறது. இரண்டு யுஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிள் பல வேளைகளில் உதவும். ஆனால் நிரந்தரத் தீர்வு சொந்த அடாப்டர் உள்ள ஹப்தான். வாரந்தோறும் டிஸ்க் எழுதும் அலுவலகத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது அதையே. ஒருசில ரைட்டர்களின் பின்புறம் சிறிய வட்ட மின்துளை இருக்கும். இருந்தால் லேபிளில் குறித்துள்ள அளவுக்கு ஏற்ற 5 வோல்ட் அடாப்டரை வாங்கிக்கொள்ளலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றுக்கு இரையாகாத உலோகம் குறைவு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் வாங்கும் மாவட்டம் என்பதால் ஈரப்பதமும் ஆண்டின் பெரும்பகுதி உயர்ந்தே இருக்கும். யுஎஸ்பி முனையின் தங்கமுலாம் தேய்ந்து பச்சையோ கருமையோ படிந்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடி, -71 வகைப் பிழைகள் விட்டுவிட்டு வரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முனையைத் துடைத்து, முழுவதும் உலர்ந்தபின் செருகுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த ரைட்டரை மழைக்காலத்தில் வெளியே கொண்டுவந்தவுடன் இயக்கினால் லென்ஸில் நீராவி படிந்திருக்கக்கூடும். அரை மணி நேரமாவது அறை வெப்பத்துக்கு வரவிட்டு இயக்குவது நல்லது.

மின்சிக்கனத்துக்கான நிரல்கள் செய்யும் தொல்லை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியில் டிஎல்பி என்ற நிரலை நிறுவியிருந்தால், அது சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவிகளை உறங்க வைக்கும். ரைட்டரின் அடையாள எண்ணை எல்எஸ்-யுஎஸ்பி (lsusb) கட்டளையால் கண்டுபிடித்து, டிஎல்பியின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அல்லது சோதனைக்காக ஒருமுறை டிஎல்பியையே நிறுத்திவைத்து எழுதிப் பாருங்கள்.

சரி, இணைப்பு அறுபடவில்லை, கெர்னல் பதிவேடு அமைதியாக இருக்கிறது, ஆனாலும் எழுத்து தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ரைட்டர் தானே சொல்லும் பிழை எண்ணைப் படிக்க வேண்டும். எல்லா டிவிடி ரைட்டர்களும் ஸ்கஸி என்ற பொதுமொழியில்தான் பேசுகின்றன. பிழை ஏற்பட்டால் மூன்று எண்களைத் தருகின்றன. பிரசேரோவிலும் அதே போன்ற நிரலான கே3பியிலும் தோல்விக்குப் பின் வரும் விரிவான பதிவை சேமித்துப் பார்த்தால் அவை கிடைக்கும். முதல் எண் 2 என்றால் டிரைவ் இன்னும் ஆயத்தமாகவில்லை. 3 என்றால் டிஸ்கில் குறை. 4 என்றால் கருவியில் குறை. 5 என்றால் நிரல் கேட்டதை இந்த டிரைவோ இந்த டிஸ்கோ செய்ய இயலாது. நிரல் எதுவானாலும் இந்த எண்களின் பொருள் மாறாது.

உங்களுக்கு வந்த பவர் காலிபரேஷன் பிழையின் எண்கள் 3, 73, 03. இரண்டாவதும் மூன்றாவதும் பதினாறடிமான எண்கள், அதாவது 0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரையும் பயன்படுத்தும் முறையில் எழுதியவை. எழுதத் தொடங்குவதற்கு முன் ரைட்டர், டிஸ்கின் உட்புற விளிம்பில் இதற்கென ஒதுக்கிய சிறு பகுதியில் லேசரின் ஆற்றலைக் கூட்டியும் குறைத்தும் எழுதிப் பார்த்து, இந்த டிஸ்குக்கு எவ்வளவு ஆற்றல் பொருந்தும் என்று தீர்மானிக்கிறது. எந்த அளவிலும் திருப்தியான விடை கிடைக்காவிட்டால் இந்தப் பிழையை எழுப்புகிறது. பிழையின் முதல் எண் 3 என்பதால் டிஸ்கைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் மின்சாரம் போதாமல் லேசர் தேவையான ஆற்றலை எட்டாவிட்டாலும், லென்ஸில் தூசி படிந்திருந்தாலும், லேசர் வயதாகித் தளர்ந்திருந்தாலும் இதே எண்தான் வரும். இதனால்தான் மின்சாரத்தை முதலில் சரிசெய்யச் சொன்னேன். 3, 0சி, 00 என்று வந்தால் எழுதும்போது ஏற்பட்ட பிழை. அங்கே டிஸ்கின் தரத்தைப் பார்க்க வேண்டும். 2, 3ஏ, 00 என்றால் டிரைவ் டிஸ்கையே காணவில்லை.

டிஸ்கின் தரம் என்று வரும்போது உறையில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வெற்று டிஸ்கிலேயே அதைத் தயாரித்தவரின் அடையாளக் குறி பதிந்திருக்கிறது. டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ என்ற சிறு கட்டளை அதைக் காட்டும். வேறு வேறு பெயரில் விற்கும் இரண்டு பெட்டிகளில் ஒரே குறியும், ஒரே பெயரில் விற்கும் இரண்டு பெட்டிகளில் வேறு வேறு குறியும் இருப்பதைக் காண்பீர்கள். டிஸ்குகளின் விற்பனை ஓய்ந்துவிட்ட காலம் இது. ஒரு காலத்தில் இந்தியச் சந்தையை நிறைத்த மோசர் பேயர் நிறுவனமே 2018இல் கலைப்பு நடவடிக்கைக்குள் போய்விட்டது. கடைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கு கைக்கு வருவது இப்போது சாதாரணம். அதனால் நூறு டிஸ்குப் பெட்டியை ஒரேயடியாக வாங்காமல், நாலைந்தை வாங்கி உங்கள் ரைட்டரில் எழுதிப் பார்த்து, பொருந்தும் குறியைக் கண்டபின் மொத்தமாக வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். உறையில் 16எக்ஸ் என்று இருந்தாலும் ஸ்லிம் ரைட்டர்கள் பெரும்பாலும் 8எக்ஸைத் தாண்டுவதில்லை. நீங்கள் 4எக்ஸில் வையுங்கள். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1,385 கிலோபைட். 4எக்ஸ் என்பது ஐந்தரை மெகாபைட். யுஎஸ்பி 2.0 இதைச் சிரமமின்றித் தாங்கும். ஆகவே "யுஎஸ்பி வேகம் போதவில்லை" என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கும் பயன், லேசரும் மோட்டாரும் கேட்கும் மின்சாரம் குறைவதுதான்.

சோதனைகளுக்கு ஒரு டிவிடி+ஆர்டபிள்யூ டிஸ்கை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப எழுதலாம், எதுவும் வீணாகாது. நிரல்களில் உள்ள பாவனை எழுத்து என்னும் வசதியை இதற்கு நம்ப வேண்டாம். அதில் லேசர் எழுதும் ஆற்றலுக்கு உயர்வதே இல்லை என்பதால், உங்கள் மடிக்கணினியில் பாவனை எழுத்து வெற்றியாகவே முடியும். உண்மை எழுத்து மட்டும் விழும். தாக்கலுக்கான இறுதிப் பிரதியை மட்டும் ஒருமுறையே எழுதக்கூடிய டிவிடி-ஆர் அல்லது டிவிடி+ஆர் டிஸ்கில் எழுதுங்கள்.

"டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று வந்தால் வேறு ஏதோ ஒரு நிரல் டிரைவைப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் கோப்பு மேலாளர்தான். டிஸ்கை அன்மவுன்ட் செய்யுங்கள் (கோப்பு மேலாளரின் பிடியிலிருந்து விடுவியுங்கள்), வெளியே எடுக்க வேண்டாம். வர்ச்சுவல்பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் மூடுங்கள். "பெர்மிஷன் டினைட்" என்றால் உங்கள் கணக்கை சிடிராம் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். இவற்றுக்கு மேல் இங்கே சொல்ல எதுவுமில்லை.

நிரலைப் பொறுத்தவரை என் முடிவு தெளிவானது. பிரசேரோவும் கே3பியும் முகப்புகள். எழுதும் வேலையைப் பின்னால் இருக்கும் வேறு நிரல்கள் செய்கின்றன. அவற்றில் வோடிம் என்பது 2006இல் டெபியன் லினக்ஸ் குழுவினர் சிடிஆர்டூல்ஸ் என்ற பழைய எழுதும் நிரல்தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த கிளை. அது வளர்ச்சியின்றி நின்று நெடுங்காலமாகிவிட்டது. டிவிடிக்கான க்ரோஐஎஸ்ஓஎஃப்எஸ்ஸின் கடைசிப் பதிப்பு 7.1 வெளிவந்தது 2008இல். இன்றும் பராமரிக்கப்படுவது லிப்பர்ன் நூலகமும் அதன்மேல் அமைந்த எக்ஸ்ஆரிசோ (xorriso) கட்டளையும். முகப்பு வேண்டுமானால் லிப்பர்னை நேரடியாகப் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்பர்ன் இருக்கிறது. மின்டின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். பழைய குறிப்புகளில் ஐடிஈ-ஸ்கஸி மாட்யூலை ஏற்றச் சொல்லியிருப்பார்கள். அது கெர்னல் 2.4 காலத்து வழி, இன்றைக்கு அதைத் தொட வேண்டாம்.

சிசிடிவி கோப்புகளில் இன்னொரு தடங்கல் உண்டு. ஒற்றைக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருந்தால், ஐஎஸ்ஓ (டிஸ்கில் எழுதுவதற்கான ஒற்றைக் கோப்பு) ஆக்கும் பழைய நிரல்கள் கோப்பு மிகப் பெரிது என்று மறுத்துவிடும். எக்ஸ்ஆரிசோ அதை இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும். ஆனால் "4.7 ஜிபி" என்று உறையில் இருப்பது 470 கோடி பைட் என்ற கணக்கில்தான்; 1,024ஆல் பெருக்கும் கணக்கில் அது 4.38 ஜிபி மட்டுமே. கோப்பு மேலாளர் எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஹேஷ். உங்கள் தொழிலில் இது வெறும் தொழில்நுட்ப விவரம் அன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி அளிக்கும் சான்றிதழில், மின்னணுப் பதிவின் ஹேஷ் மதிப்பையும் அது எஸ்ஹெச்ஏ-256, எம்டி5 போன்றவற்றில் எந்த முறையால் பெறப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். எதிர்த்தரப்பு அந்த டிஸ்கை வாங்கிச் சரிபார்க்கும்போது எண் மாறி வந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

டிஸ்கில் எழுதுவதற்காக ஆக்கிய இமேஜ் கோப்பின் (ஐஎஸ்ஓவின்) ஹேஷையும் முழு டிஸ்கின் ஹேஷையும் அப்படியே ஒப்பிட்டால் நல்ல டிஸ்கிலும் வேறுபடும். காரணத்தை ஓர் எண்ணில் காட்டுகிறேன். உங்கள் இமேஜ் 2,10,00,08,960 பைட் என்று கொள்வோம். டிஸ்கில் தரவைப் பிரித்து வைக்கும் சிறு கூறான செக்டார் ஒன்றுக்கு 2,048 பைட் வீதம் அது 10,25,395 செக்டார். டிவிடியில் எழுத்து 16 செக்டார் கொண்ட கட்டுகளாகத்தான் போகும். ஆகவே கடைசிக் கட்டை நிரப்ப 13 வெற்றுச் செக்டார்கள் சேர்ந்து, டிரைவ் பெரும்பாலும் 10,25,408 என்று அறிவிக்கும். அந்த 13 செக்டாரும் சேர்ந்து ஹேஷில் புகுந்தால் எண் வேறாகாமல் என்ன செய்யும்? எனவே தரவை அப்படியே படித்தெடுக்கும் டிடி (dd) கட்டளையில் கட்டளவு 2,048 என்றும் எண்ணிக்கை 10,25,395 என்றும் கொடுத்து, அந்த அளவை மட்டும் படித்து அதன் ஹேஷைக் கணக்கிடுங்கள். டிவிடி+ஆர்டபிள்யூவில் டிரைவ் முழு டிஸ்கின் கொள்ளளவையே அறிவிக்கும் என்பதால் அங்கே இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம்.

சிறு காட்சிகளை சிடியில் எழுதும்போது இதே போன்ற வேறொரு பொறி இருக்கிறது. டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதிய சிடியின் முடிவில், தரவாகப் படிக்க முடியாத இரண்டு செக்டார்கள் அமைகின்றன. கெர்னல் முன்கூட்டியே படிக்கும் வழக்கத்தால் அவற்றில் மோதி, உங்கள் தரவு முழுமையாக இருந்தும் இன்புட்/அவுட்புட் எரர் என்று அறிவிக்கிறது. செஷன்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதுங்கள். அல்லது இறுதியில் 300 கிலோபைட், அதாவது 150 செக்டார் வெற்றிடம் சேர்த்து எழுதுங்கள். பிழை விலகிவிடும்.

உங்கள் தேவைக்கு இதைவிடத் தெளிவான வழி கோப்புவாரியாகச் சரிபார்ப்பதே. எழுதுவதற்கு முன் மூலக் கோப்புகளின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்புகளை ஒரு பட்டியலாக எடுத்து, அந்தப் பட்டியலையும் டிஸ்கிலேயே சேர்த்து எழுதுங்கள். எழுதி முடிந்ததும் டிஸ்கை வெளியே எடுத்து மீண்டும் உள்ளே தள்ளுங்கள். எழுதுவதற்கு முன் கண்ட வெற்று டிஸ்கின் அளவையே கெர்னல் இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும் என்பதால் இந்த ஒரு செயலைத் தவிர்க்கக் கூடாது. ஸ்லிம் ரைட்டரின் தட்டு தானாக உள்ளே போகாது. கையால்தான் தள்ள வேண்டும். பின்னர் பட்டியலைக் கொண்டு ஒவ்வொரு கோப்பையும் சரிபாருங்கள். முடிந்தால் இதே சரிபார்ப்பை வேறொரு டிரைவிலும் செய்துவிடுங்கள். எழுதிய டிரைவ் மட்டும் படிக்கும் டிஸ்கை நீதிமன்றத்தில் கொடுப்பதில் பயன் இல்லை.

ரைட்டரை மாற்றுவது எப்போது என்பதற்கு வருகிறேன். அடாப்டர் உள்ள ஹப்பிலும், டெஸ்க்டாப்பின் பின்புறப் போர்ட்டிலும், குட்டைக் கேபிளிலும், இரண்டு வேறு தயாரிப்புக் குறி உள்ள டிஸ்குகளிலும் அதே 3, 73, 03 வந்தால் லென்ஸை ஒருமுறை மெல்லத் துடைத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் மாறாவிட்டால் லேசர் தளர்ந்துவிட்டது; அதைப் பழுதுபார்க்க ஆகும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம். முதல் எண் 4 என்று திரும்பத் திரும்ப வந்தாலும் அதே முடிவுதான். டெஸ்க்டாப்பில் இப்போதும் ஒழுங்காக எழுதுகிறது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் ரைட்டர் அந்த நிலைக்கு வரவில்லை. ஹப்பை வாங்கும்போது அதன் அடாப்டர் 5 வோல்ட்டில் குறைந்தது 2 ஆம்பியர் தருவதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ரைட்டர் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் அந்த ஹப்பில் வேறு எதையும் செருக வேண்டாம்.